நடந்தது ஒன்று, மனசு எழுதுவது ஒன்று

பெரும்பாக்கத்தில் யாரும் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. தலை பாரமாக இருக்கிறது, கைகால் ஓய்ந்துபோகிறது, விடிகாலை மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது, சோறு இறங்கமாட்டேன் என்கிறது. இப்படித்தான் ஆரம்பிக்கும். சிலர் சத்து ஊசி கேட்பார்கள். மனநல ஆலோசகர் என்று எதிரே உட்கார்ந்திருக்கும் எனக்கு முதல் வேலை அந்த உடம்பை நம்புவதுதான். ரத்தசோகையும் தைராய்டு குறைவும் மனச்சோர்வைப் போலவே ஆளை முடக்கிப்போடும். ரத்தப் பரிசோதனை முடியட்டும், பேச்சு காத்திருக்கும்.

உடம்பைப் பற்றிப் பேசி முடித்து, பையை எடுத்துக்கொண்டு எழும்போதுதான் அந்த வாக்கியம் வரும். "நான் இருந்து யாருக்கு என்னா பிரயோஜனம்." "எல்லாம் என்னாலதான் கெட்டுது." "இனிமே என்னாத்த மாறப்போவுது." நம் வீடுகளில் அன்றாடம் காதில் விழுகிற பேச்சுதான். சலிப்பில் சொல்கிறார்கள் என்று விட்டுவிடுவோம். என் தொழிலில் அதை விடக்கூடாது. எழுந்தவரை மறுபடி உட்காரச் சொல்லி, அதை அவருடைய சொற்களிலேயே எழுதிக்கொள்வேன். "தன்மதிப்புக் குறைவு" என்று பாடநூல் மொழிக்கு மாற்றிவிட்டால் அதில் உயிர் இருக்காது. அடுத்த வாரம் படித்துக் காட்டும்போது, "ஆமா, இதத்தான் சொன்னேன்" என்று அவர் தலையாட்ட வேண்டும்.

இந்த வாக்கியங்களை முறையாக ஆராய்ந்தவர் ஆரோன் பெக். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகர மனநல மருத்துவர், உளப்பகுப்பாய்வில் பயின்றவர். உள்ளே திரும்பிவிட்ட கோபம்தான் மனச்சோர்வு என்பது ஃப்ராய்டு வழிவந்த கருத்து. அதற்குச் சான்று தேடி 1950களின் கடைசியில் நோயாளிகளின் கனவுகளை ஆராயத் தொடங்கினார். எதிர்பார்த்த கோபம் அங்கே இல்லை. தோற்பது, தொலைப்பது, ஒதுக்கப்படுவது என்றே கனவுகள் ஓடின. விழித்திருக்கும்போதும் அப்படித்தான். நோயாளி அவரிடம் ஒன்றைப் பேசிக்கொண்டிருக்க, அடியில் இன்னொரு பேச்சு தானாக ஓடியது: 'இவருக்கு நான் சலிப்பூட்டுகிறேன்', 'என்னால் ஒன்றும் ஆகாது'. இந்தத் தானியங்கி எண்ணங்கள் மூன்று திசையில் பாய்வதைக் கண்டார். நான் உதவாக்கரை, உலகம் என்னை விடாது, நாளையும் இப்படித்தான். அவர் சகாக்களோடு எழுதிய சிகிச்சை நூல் 1979இல் வந்தது. இன்று உலகமெங்கும் கற்பிக்கப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு அதுவே முதுகெலும்பு. பெக் 2021 நவம்பரில், நூறு வயதில் காலமானார்.

பெக்கின் முறையில் ஒரு முக்கியப் படி, எண்ணத்துக்குச் சான்று கேட்பது. 'யாருக்கும் என்னைப் பிடிக்காது' என்கிறீர்களா, சரி, பார்ப்போம். ஆதரவாக என்ன இருக்கிறது, எதிராக என்ன இருக்கிறது? நல்ல முறை. ஆனால் அதை அப்படியே தூக்கிக்கொண்டு பெரும்பாக்கத்துக்கு வந்தால் முதல் நாளே தடுமாற வேண்டியிருக்கும். இங்கே சான்றுகள் பல நேரம் எண்ணத்தின் பக்கம்தான் நிற்கின்றன.

ஊரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். தென்சென்னைப் பக்கம், சோழிங்கநல்லூர் – மேடவாக்கம் சாலையில் வந்தால் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் கட்டடம் கண்ணில் படும். பெரிய தனியார் மருத்துவமனை ஒன்றும் உண்டு. உள்ளே திரும்பினால் எட்டு அடுக்குக் குடியிருப்புகள், பிளாக் பிளாக்காக, 20,000க்கும் மேற்பட்ட வீடுகளுக்கான திட்டம். 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் கட்டியது; 2021இல் அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. மக்கள் வாயில் இன்னும் 'போர்டு'தான். முன்னதாகவே கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் இப்படி எழும்பியிருந்தன. பெரும்பாக்கம் நிரம்பியது பெரும்பாலும் 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு. அடையாற்றங்கரையிலும் கூவக்கரையிலும் தலைமுறைகளாக இருந்தவர்கள், பாத்திர பண்டத்தோடு லாரியில் ஏறி இங்கே இறங்கினார்கள். வெள்ளம் வராத, கூரை ஒழுகாத, கழிப்பறை உள்ள வீடு கிடைத்தது. அதை இல்லை என்று சொல்ல முடியாது. வேலை, பள்ளிக்கூடம், கடனுக்கு அரிசி கொடுத்த கடை, பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு ஆயா, எல்லாம் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டன.

இப்படி வந்த ஒருவரிடம் போய் "பாசிட்டிவா யோசிங்கம்மா" என்று சொல்வதைப் போன்ற அவமரியாதை வேறில்லை. மேடைகளிலும் வாட்ஸ்அப்பிலும் அது மலிந்துகிடக்கிறது. எண்ணத்தை மாற்று, வாழ்க்கை மாறும் என்கிறார்கள். லாரியில் ஏற்றப்பட்டவரின் எண்ணம் அந்த லாரியை அனுப்பவில்லை.

அப்படியானால் இந்த வேலையே வீணா? இல்லை. மனசு நடந்ததை மட்டும் எழுதுவதில்லை. நடந்ததன் கீழே தானாகவே ஒரு தீர்ப்பையும் எழுதிவிடுகிறது. ஊரைவிட்டு அனுப்பினார்கள் என்பது நடந்தது. ஆகவே நான் தூக்கியெறியத் தக்கவன் என்பது தீர்ப்பு. முதலாவதோடு நான் சண்டை போடுவதில்லை, போடவும் கூடாது. இரண்டாவதைத் தனியாகப் பிரித்து மேசைமேல் வைப்பதுதான் என் கைவேலை.

ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி மாற்றி, பலரை ஒருவராக்கிய உருவம்தான் அவர். சைதாப்பேட்டைப் பக்கம் ஆற்றங்கரையில் இருந்தவர். நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்து வீட்டை ஓட்டியவர். இங்கே வந்தபின் போக வர பஸ்ஸிலேயே பாதி நாள் கழிந்ததால் ஒவ்வொரு வீடாக விட்டுவிட்டார். மகன் அப்போது பத்தாவது. பாதிப் படிப்பில் இடம் மாறியவன் கொஞ்ச நாள் பழைய பள்ளிக்கே போய்வந்தான், பிறகு நின்றுவிட்டான். பிறகு கூட்டாளிகள், பிறகு குடி. அம்மா படுக்கையை விட்டு எழுவதே மதியத்துக்கு மேல் என்றாகிவிட்டது.

"நான்லாம் ஒரு தாயா மேடம்? என்னாலதான் அவன் வாழ்க்கை போச்சு."

இங்கே "அப்படியெல்லாம் இல்லம்மா" என்று சொல்லத்தான் நாக்கு துடிக்கும். சொன்னால் அவர் மரியாதைக்காகத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். வீட்டுக்குப் போய், இந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும் என்று பழைய எண்ணத்தையே கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். ஆறுதல் பேச்சின் கோளாறு அதுதான். ஆகவே என் மேசை டிராயரில் ஒரு டப்பாவில் புளியங்கொட்டை வைத்திருக்கிறேன். பத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். மகன் படிப்பு நின்றதற்கான பொறுப்பு மொத்தமும் இந்தப் பத்துதான், யார் யாருக்கு எவ்வளவு என்று பிரித்து வையுங்கள் என்றேன்.

பத்தையும் தன் பக்கமே தள்ளினார்.

"இருக்கட்டும்மா. வேற யாருக்காச்சும் பங்கு உண்டா, யோசிச்சுப் பாருங்க. மழைக்கு?"

"மழைக்குப் போயி கொட்டையா?" சிரித்துவிட்டார்.

"மழை வராம இருந்தா சைதாப்பேட்டையிலயேதான இருந்திருப்பீங்க?"

ஒன்றை மெதுவாக நகர்த்தினார். மாற்றிய தேதிக்கு எவ்வளவு? பரீட்சை முடிய விட்டிருக்கலாமே என்றார், இரண்டு போனது. பஸ்ஸுக்கு? கூட்டாளிகளுக்கு? சாராயக் கடைக்கு? அவனுக்கே பங்கு இல்லையா, பதினாறு வயசுப் பையனாயிற்றே? இந்த இடத்தில் அவர் கை தயங்கியது. மகனுக்கு ஒரு கொட்டை வைப்பதைவிடத் தனக்குப் பத்தையும் வைத்துக்கொள்வது தாய்க்குச் சுலபம். நான் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் அவன் பக்கமும் ஒன்று போனது.

இந்தப் பயிற்சியில் வரிசை முக்கியம். சம்பந்தப்பட்டவரை முதலில் வைத்தால் எல்லாம் அவர் மேலேயே குவியும். மற்றவர்களுக்கெல்லாம் கொடுத்துமுடித்து, மிச்சம் என்ன என்று கடைசியில் பார்க்க வேண்டும். அன்று மிச்சம் இரண்டு. அவற்றையும் எங்கே வைப்பது என்று நான் தேடியதைப் போல அவர் தேடவில்லை.

"இந்த ரெண்டு இருக்கட்டும் மேடம். இது என்னோடதுதான். அந்த நேரத்துல அவன்கிட்ட உக்காந்து ஒரு வார்த்த நான் பேசல."

அந்த இரண்டையும் நான் பிடுங்கப் போகவில்லை. பூஜ்யமாக்குவது இந்தத் தொழிலின் நோக்கம் இல்லை. பத்து என்றால் கையைக் கட்டிக்கொண்டு படுத்துக்கிடக்க வேண்டியதுதான். அவ்வளவு பெரிய குற்றத்துக்குப் பரிகாரமே கிடையாது. இரண்டு என்றால் ஏதாவது செய்யலாம். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம் என்பதை அவர் விசாரித்துக்கொண்டு வந்தது இதற்கப்புறம்தான். மகன் உடனே படிக்க உட்கார்ந்துவிடவில்லை. அம்மா காலையில் எழ ஆரம்பித்தார், அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

எண்ணம் முன்னால் வருகிறதா, சோர்வு முன்னால் வருகிறதா என்று பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் கேட்பார்கள். இரண்டும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கின்றன என்பதுதான் உண்மை. ஆனாலும் எண்ணத்தின் பங்கைக் கிட்டத்தட்டக் கையும் களவுமாகப் பிடித்த ஆய்வு ஒன்று உண்டு. சூசன் நோலன்-ஹோக்சிமா என்ற உளவியலாளர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களிடம், மனம் வாடியிருக்கும்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பதிவுசெய்திருந்தார். சிலர் வேறு வேலையில் இறங்குவார்கள். சிலர் உட்கார்ந்து, ஏன் எனக்கு இப்படி, என்னிடம் என்ன கோளாறு என்று அதையே திரும்பத் திரும்ப அசைபோடுவார்கள். இரண்டு வாரம் கழித்து, 1989 அக்டோபர் 17 அன்று, அந்தப் பகுதியைப் பெரிய நிலநடுக்கம் உலுக்கியது. பத்து நாள் கழித்தும் ஏழு வாரம் கழித்தும் அதே மாணவர்களைப் பார்த்தார்கள். முன்பே அசைபோடும் பழக்கம் இருந்தவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் கூடுதலாக இருந்தன. நிலநடுக்கம் எல்லாருக்கும் பொதுவாக வந்ததுதான். 2015 வெள்ளமும் அப்படி வந்ததுதான்.

அசைபோடுதல் வெளியே பார்க்க யோசனை போலவே இருக்கும். "ஒரே யோசனையா இருக்கு மேடம்" என்பார்கள். யோசித்தால் தீர்வு வர வேண்டும். இதில் வராது, கேள்வி அப்படி. "ஏன் எனக்கு மட்டும்?" என்பதற்குப் பதிலே கிடையாது. கிடைக்கிற ஒரே பதில், நான் அப்படிப்பட்டவள் என்பது. ஆகவே நான் 'ஏன்' கேட்பதைக் குறைத்துவிட்டேன். எப்போது, எங்கே, யார் கூட இருந்தார்கள், அதற்கு முன் நிமிடம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்றுதான் கேட்கிறேன். 'எல்லாரும் என்னை மட்டமா பாக்குறாங்க' என்ற வாக்கியம், நேற்று சாயங்காலம், லிஃப்ட் ஓடவில்லை, மூன்றாம் மாடியில் மூச்சுவாங்க நின்றேன், கீழே போன ஒருத்தி நிற்காமல் போய்விட்டாள் என்று சுருங்கும். சுருங்கிய பிறகு அதைக் கையில் எடுக்கலாம். அந்த ஒருத்தியின் இடுப்பில் குடம் இருந்ததா என்று கேட்கலாம்.

சோர்ந்த மனசின் கணக்கு இன்னொரு வகையிலும் கோணல். அண்ணாச்சி கடை நோட்டில் வாங்கியது மட்டும் ஏறி, கொடுத்தது ஏறாமல் விட்டுப்போனால் எப்படியிருக்கும்? ஆள் வாழ்நாள் முழுக்கக் கடன்காரன்தான். பேரக்குழந்தைக்குக் காய்ச்சலில் ராத்திரியெல்லாம் துணி நனைத்துப் போட்டது ஏறாது. காலையில் ஒரு வார்த்தை கோபமாகப் பேசியது ஏறும். "அது எல்லாரும் செய்றதுதான" என்று முதலாவதைத் தள்ளிவிடுவார்கள். அதையும் எழுதச் சொல்லிக் கேட்பேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் அடுத்த முறை வரும்போது ஒன்று மட்டும் சொல்லச் சொல்வேன்.

இளைஞர்களிடமிருந்து அதிகம் கேட்பது முகவரியைப் பற்றி. நேர்காணலில் "எங்க இருக்கீங்க?" என்ற கேள்வி வந்தாலே முகம் வெளிறிவிடுகிறது. போர்டு என்று தெரிந்தால் வேலை கிடைக்காது என்பது இவர்களின் கற்பனை அல்ல. கண்ணகி நகர்ப் பிள்ளைகள் அந்தப் பெயரால் பட்டது ஊரறிந்தது. ஆகவே ஒரு தம்பி என்னிடம், "அட்ரஸப் பாத்தாலே வேணாம்பாங்கக்கா, எதுக்குப் போவணும்?" என்றபோது, நான் அதை மறுக்கவில்லை. தாளை இரண்டாக மடிக்கச் சொன்னேன். ஒரு பக்கம், போய்க் கேட்டு இல்லை என்று சொல்லப்பட்ட இடங்கள். மறுபக்கம், இல்லை என்பார்கள் என்று எண்ணிப் போகாமல் விட்ட இடங்கள். இரண்டாவது பக்கம் நிரம்பிவிட்டது. முதல் பக்கம் சமூகத்தின் குற்றம். அதற்குக் கோபப்படலாம், கோபப்படவும் வேண்டும். மனச்சோர்வு குடியிருப்பது இரண்டாவது பக்கத்தில். போகாததால் வேலை இல்லை, வேலை இல்லாததால் சொன்னேனே என்ற எண்ணம், அந்த எண்ணத்தால் மறுபடி போவதில்லை. அவன் பிளாக்கிலேயே சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் இருந்தார். அவர் அந்தக் கேள்வியை எப்படிச் சமாளித்தார் என்று கேட்டு வரச் சொன்னேன். தம்பிக்கு வேலை கிடைத்ததா என்று சொல்லி இந்தக் கட்டுரையைச் சுபமாக்க எனக்கு விருப்பமில்லை. கேட்கப் போனான்.

போவதற்கு மதிப்பு அதிகம். எண்ணம் சரியாகட்டும், பிறகு எழுகிறேன் என்று காத்திருந்தால் நாள் ஓடிவிடும். எழுந்தால் எண்ணம் பின்னால் வரும். கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேலும் சகாக்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடும் மனச்சோர்வுள்ளவர்களோடு ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேச வைத்தார்கள். பேச்சின் மையம், கைவிட்ட வேலைகளைச் சின்னச் சின்னதாக மறுபடி தொடங்குவது. 2017இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. மூன்று மாதத்தில், இந்த அமர்வுகளைப் பெற்றவர்களில் 64 விழுக்காட்டினர் நோயிலிருந்து விடுபட்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 விழுக்காட்டினர். இங்கே நான் கொடுக்கும் முதல் வேலை, ஐந்தாம் மாடியிலிருந்து இறங்கி ஒரு முழம் பூ வாங்கி வருவது, அல்லது பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து தண்ணீர் பிடிப்பது. 'சேர்ந்து' என்பதை வற்புறுத்துவேன். ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் என்ற ஆய்வாளர்கள் லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களை ஆராய்ந்து 1978இல் எழுதிய நூலில் இதற்குக் காரணம் இருக்கிறது. பெரிய இழப்பு வந்தபோது, மனம்விட்டுப் பேச நெருங்கிய துணை இல்லாதவர்களும், வெளியே வேலை இல்லாமல் வீட்டில் சின்னப் பிள்ளைகளோடு அடைபட்டவர்களும் எளிதில் மனச்சோர்வில் விழுந்தார்கள். வேலையையும் பக்கத்து வீட்டையும் ஒரே நாளில் இழந்த பெண்கள் பெரும்பாக்கத்தில் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

எண்ணத்தோடு மல்லுக்கட்டக் கூடாத நேரங்களும் உண்டு. புருஷன் அடிக்கிறான் என்று வருகிறவளிடம் தானியங்கி எண்ணத்தைப் பற்றிப் பேசினால் அது குற்றம். முதலில் பாதுகாப்பு. வாரத் தவணைக்காரர் வாசலில் நிற்கும் வீட்டில் முதலில் கடன் கணக்கு. சாப்பாடும் தூக்கமும் அறவே போய், பேச்சே எழாத நிலையில் இருப்பவருக்கு முதலில் மனநல மருத்துவரும் மாத்திரையும். மாத்திரை சாப்பிட்டால் பைத்தியம் என்பார்கள், பழகிவிடும் என்பார்கள் என்ற பயத்தில் நிறையப் பேர் தள்ளிப்போடுகிறார்கள். மனச்சோர்வுக்கான மருந்துகள் சாராயம் போலப் போதைக்குப் பழக்குவன அல்ல. மருத்துவரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான். 2015–16இல் பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, மனச்சோர்வுள்ளவர்களில் ஏறக்குறைய 85 விழுக்காட்டினர் சிகிச்சைக்கே வருவதில்லை.

சாவைப் பற்றிய எண்ணம் இருக்கிறதா என்பதை நான் நேராகவே கேட்டுவிடுவேன். கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்று பலரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. ஒருவர் கேட்டுவிட்டாரே என்று பெருமூச்சு விடுகிறவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். போலீஸ் கேஸ் ஆகுமோ என்ற பயத்தில் மறைப்பவர்களும் உண்டு. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், உயிரை விட முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொண்டு, அவரைத் தண்டிக்காமல் அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தரச் சொல்கிறது.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலோ பிளாக்கிலோ யாராவது அந்த வாக்கியத்தைச் சொன்னால், "அப்படி நெனைக்காத" என்று வாயை அடைக்காதீர்கள். என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று கேட்டு, முடியும்வரை குறுக்கிடாமல் உட்காருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சினேகாவின் எண் 044-24640050.